பனிக்கு வேகம், பாறைக்கு நிதானம்: சின்ன ஆல் வீல் டிரைவ் வண்டியில் ஆறு நாள்

முதல் நாள்: கிளம்பாத நாள்

இன்று ஓடிய தூரம் பூஜ்யம். வண்டிகளைத் தயார் செய்யவே ஒரு பகல் போய்விட்டது. மேலே ஏறியபின் ஒரு போல்ட்டைத் தேடுவதைவிட இது மேல்.

பாதையின் பெயரை இந்தத் தொடரில் சொல்லப்போவதில்லை. "அங்கே சின்ன வண்டி போகும்" என்று ஒருவர் எழுதியதை நம்பி அடுத்த வாரம் கிளம்புகிறவர் பார்ப்பது வேறொரு பாதையாக இருக்கும். ஒரு ராத்திரிப் பனி போதும், எல்லாம் மாறிவிடும். தெரிய வேண்டியவை அளவுகள்தான். ஏறுவதற்கு 40 கி.மீ. திட்டம். தொடக்கத்தில் 1,900 மீட்டர், உச்சியில் 3,100 மீட்டர். முதல் 22 கி.மீ. மரங்களுக்கு இடையே மண் பாதை, அதன் பிறகு பாறை. எல்லாவற்றின் மேலும் பனி.

வண்டிகள் இரண்டு. இந்த மாதிரிப் பாதைக்கு ஒற்றை வண்டியில் போகக் கூடாது. முதலாவது 2 லிட்டர் பெட்ரோல் கிராஸ்ஓவர், சிவிடி (படிப்படியான கியர் இல்லாத தானியங்கி) கியர்பாக்ஸ், எடை 1.5 டன், தரை இடைவெளி 220 மி.மீ., முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,670 மி.மீ. இரண்டாவது மூன்று கதவு சுஸூகி ஜிம்னி: 210 மி.மீ., 2,250 மி.மீ.

தரை இடைவெளியில் ஜிம்னி 10 மி.மீ. குறைவு. ஆனாலும் பாறையில் அதுதான் ராஜா. காரணம் கோணங்கள். ஜிம்னியின் முன்பக்கம் 37 டிகிரி சரிவை பம்பர் இடிக்காமல் சந்திக்கும். கிராஸ்ஓவருக்கு 18 டிகிரிதான். மேட்டின் முதுகில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டாமலிருக்க அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம் குறைவாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் தரை இடைவெளியை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவார்கள். கூடவே அச்சு இடைத்தூரத்தையும் பாருங்கள். நாலு பேரும் சாமானும் ஏறினால் பின் ஸ்பிரிங் அமுங்கி, அந்த 220-லும் இரண்டு விரற்கடை போய்விடும்.

டயர்: பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவே பனிப்பூவும் உள்ள முத்திரை இருக்க வேண்டும். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் போதாது. அது டயரின் வெட்டு வடிவத்தைப் பற்றியது, சோதனை எதுவும் இல்லாமலே போடலாம். சிகர முத்திரைக்கு இறுகிய பனியில் முன்னோக்கிய பிடிப்பைச் சோதித்திருப்பார்கள். ஆனால் அந்தச் சோதனையில் வெறும் பனிக்கட்டியும் வளைவும் கிடையாது என்பதையும் நினைவில் வைக்கவும். சாதாரண கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். மைனஸ் பத்தில் அது பிளாஸ்டிக் சக்கரம்.

காற்றழுத்தம்: 20 டிகிரி வெப்பமுள்ள கூடத்தில் 33 பிஎஸ்ஐ பிடித்த டயர், மைனஸ் 10 டிகிரியில் ஒரு இரவு நின்றால் 28-ஐக் காட்டும். ஓட்டை எதுவும் இல்லை, காற்று சுருங்கியிருக்கிறது. அதனால் இறக்குவது, ஏற்றுவது எல்லாமே வெளியில் நின்று குளிர்ந்தபின்தான்.

ஸ்டெப்னி: முழு அளவு, மற்ற நான்கின் அதே பிராண்டு, கிட்டத்தட்ட அதே தேய்மானம். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் ஆல் வீல் டிரைவில் ஒரு சக்கரம் விட்டத்தில் சிறியதாக இருந்தால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதாக இரண்டு அச்சையும் இணைக்கும் நடுக் கிளட்ச் நினைத்துக்கொண்டு சதா உரசும். தற்காலிக மெல்லிய ஸ்டெப்னியோடு மலையேறினால் டயர் பிழைக்கும், கிளட்ச் பிழைக்காது.

இன்று செய்த மிச்ச வேலைகள். ரேடியேட்டர் திரவத்தை மானியில் பார்த்தோம். கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவமும் நீரும் பாதிக்குப் பாதி இருந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கண்ணாடி துடைக்கும் நீரை முழுக்க வடித்து உறையாத வகையை ஊற்றினோம். பழைய நீர் குழாயில் ஒரு துளி இருந்தாலும் முனையில் உறைந்து அடைக்கும். பம்பரில் திருகும் இழுவைக் கொக்கியை எடுத்துத் திருகிப் பார்த்தோம். பல வண்டிகளில் இதற்கு இடப்புரி உண்டு, இருட்டில் வலப்பக்கம் திருகிக்கொண்டே நிற்கக் கூடாது. பனிச் செயினை வெறும் தரையில் இரண்டு முறை மாட்டிக் கழற்றினோம். முதல் முறை 25 நிமிடம், இரண்டாம் முறை 9. முதல் முறையை மைனஸ் பத்தில், முழங்கால் ஈரத்தில் செய்ய யாருக்கும் ஆசை இருக்காது.

இன்னொன்று. இன்ஜினுக்கு அடியில் கம்பெனி போட்டுத் தரும் பிளாஸ்டிக் தட்டு காற்றுக்கும் தூசிக்கும்தான், பாறைக்கு அல்ல. கிராஸ்ஓவருக்கு சம்ப் என்ற எண்ணெய்த் தொட்டியைக் காக்க 4 மி.மீ. அலுமினிய சம்ப் கார்டு போட்டாயிற்று. பின் டிஃபரன்ஷியலுக்கு, அதாவது இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டிக்கு, எதுவும் போடவில்லை. அது சரியா தவறா என்பது மூன்றாம் நாள் தெரியும்.

இரண்டாம் நாள்: மரங்களுக்கு இடையே 22 கி.மீ.

காலை மைனஸ் 8 டிகிரி. நேற்றிரவு விழுந்த புதுப்பனி 15 செ.மீ., மாவு மாதிரி. அடியில் பழைய பனி இறுகிக் கிடக்கிறது. சின்ன வண்டிக்கு இதைவிடத் தோதான தரை கிடைக்காது.

பனியின் ஆழத்தைவிட எடை முக்கியம். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. வெயிலில் நனைந்ததோ காற்றில் இறுகியதோ 300, 400 கிலோ. மாவுப் பனி தரை இடைவெளி அளவுக்கு இருந்தாலும் பம்பர் தள்ளிக்கொண்டு போகும். ஈரப்பனி என்றால் அதில் பாதி ஆழத்திலேயே வயிற்றுக்கடியில் சேர்ந்து இறுகி, வண்டியைத் தூக்கிவிடும். கையில் உருண்டை பிடித்துப் பார்ப்பதே சோதனை: உதிர்ந்தால் போகலாம், உருண்டை நின்றால் யோசிக்கலாம், பிழிந்தால் தண்ணீர் வந்தால் இறங்கி அளக்க வேண்டும்.

அழுத்தத்தை 24 பிஎஸ்ஐக்கு இறக்கினோம். டயரின் தடம் நீளவாக்கில் நீளும், வெட்டுகள் வளைந்து பனியைக் கவ்வும். காற்று இறக்கிய பிறகு வேகம் 40-க்கு மேல் வேண்டாம். வளைவில் டயர் ரிம்மை விட்டு நழுவப் பார்க்கும்.

பனியில் ஓட்டும் முறை பாறைக்கு நேர் எதிர். இங்கே உருளும் வேகம் வேண்டும். நின்றால் திரும்பக் கிளம்பும்போது சக்கரம் சுழன்று, தனக்குக் கீழே ஒரு குழி தோண்டி, அந்தக் குழியின் சுவரைப் பளபளப்பாகத் தேய்த்துவிடும். ஏற்றத்துக்கு முன்பே வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, மணிக்கு 20–25 கி.மீ.யில் ஒரே சீராக ஆக்சிலரேட்டரைப் பிடித்தால் 12 சதவீத ஏற்றம் தொல்லையில்லாமல் வந்துவிடுகிறது. நடுவில் சக்கரம் சுழல ஆரம்பித்தால் காலை எடுக்காமல் லேசாகக் குறைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்ட வேண்டும். டயரின் ஓரங்கள் புதுப்பனியைக் கடிக்கும். ஏற முடியவில்லையா, நிற்பதற்குள் விட்டுவிட்டு, ரிவர்ஸில் வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது.

டிராக்ஷன் கன்ட்ரோல் பொத்தான் பற்றி ஒரு தெளிவு. இந்த மின்னணு அமைப்பு இரண்டு வேலை செய்கிறது: இன்ஜின் சக்தியைக் குறைப்பது, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிப்பது. ஆழப் பனியில் முதலாவது இடைஞ்சல். ஏற்றத்தின் நடுவில் சக்தியை வெட்டி வண்டியை நிறுத்திவிடும். இரண்டாவது தேவை. பல வண்டிகளில் பொத்தானை ஒரு முறை தட்டினால் முதலாவது மட்டும் போகும், சில வினாடி அழுத்திப் பிடித்தால் இரண்டும் போய்விடும். உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் பார்க்கவும், பிறகு வெட்டவெளியில் சோதிக்கவும்.

ஆல் வீல் டிரைவ் கிளப்பும், நிறுத்தாது. இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், உலர்ந்த தார்ச் சாலையில் சுமார் 8 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 25 மீட்டர். வழுக்கும் பனிக்கட்டியில் 60 மீட்டருக்கு மேல். ஓட்டுநர் யோசிக்கும் நேரம் இதில் சேராது. மோசமான செய்தி இன்னும் உண்டு: பனிக்கட்டியில் உராய்வு 0.1 என்றால், 10 சதவீத இறக்கத்தில் அந்தத் தூரம் முடிவில்லாதது. வண்டி நிற்கவே நிற்காது. நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டி ஏற்றத்தில் தரும் தைரியம், இறக்கத்தில் கடனாகத் திரும்பி வரும்.

மாலையில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடவில்லை. நனைந்த பிரேக் பட்டை டிஸ்க்கோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதரை, கியர் 'பி'யில், இரண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. மின்னணு ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில், இன்ஜினை அணைத்தால் தானாகப் பிடிக்கும் வசதியை முதலில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதற்கு முன் கடைசி நூறு மீட்டர் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டினால் ஈரம் காயும்.

நாளை பாறை. 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம் என்று இப்போதைக்குத் திட்டம்.

மூன்றாம் நாள்: ஒன்பது கி.மீ., ஆறு மணி நேரம்

நேற்று எழுதிய 18 பிஎஸ்ஐயை முதல் கி.மீ.யிலேயே மாற்ற வேண்டியதாயிற்று. பனிக்கு 18 சரி. ஆனால் இந்தப் பாறைகள் உருண்டைக் கற்கள் அல்ல, உறைந்தும் உருகியும் வெடித்த கூர்மையான துண்டுகள். அழுத்தம் குறையக் குறைய டயரின் பக்கச் சுவர் வெளியே பிதுங்கும். பிதுங்கிய இடத்தைத்தான் கல் வெட்டும். தரைப்பக்க ஓட்டையைத் திரி வைத்து அடைக்கலாம், பக்கச் சுவர் கிழிந்தால் அடைக்க வழியில்லை. இரண்டுக்கும் நடுவே 21-ல் நிறுத்தினோம். கிராஸ்ஓவரின் டயர் 225/60 ஆர்17. பக்கச் சுவர் இதைவிடக் குட்டையான டயர் என்றால் 24-க்குக் கீழே இறக்காமலிருப்பது நல்லது, ரிம் அடி வாங்கும்.

இந்தப் பயணத்தின் சிக்கல் முழுதும் இன்றைய ஒன்பது கி.மீ.யில்தான். வேகமாகப் போனால் பனி விடும், பாறை சம்ப்பை உடைக்கும். மெதுவாகப் போனால் பாறை விடும், பனி சக்கரத்தைப் புதைக்கும். பனி மூடிய பாறையில் எந்த வேகமும் சரியில்லை. அதற்கு ஒரே விடை, வண்டி ஓட்டும் முன் அந்த இடத்தை நடந்து முடிப்பது. வேகம் எங்கே தேவை, எங்கே ஆபத்து என்று காலுக்குத் தெரிந்தால்தான் வண்டிக்குள் இருக்கும் காலும் சரியாக மிதிக்கும்.

நடக்கும் முறை இது. ஐம்பது மீட்டர் ஒரு துண்டு. கையில் ஒன்றரை மீட்டர் கம்பு, அதில் 20 செ.மீ. உயரத்தில் ஒரு நாடா. இடது சக்கரம் போகும் கோட்டில் அரை மீட்டருக்கு ஒரு குத்து, திரும்பும்போது வலது சக்கரக் கோட்டில். பிறகு நடுக்கோட்டில் ஒரு முறை. டிஃபரன்ஷியலை இடிக்கும் கல் நடுவில்தான் கிடக்கும். கல் இருக்கும் இடத்தில் பனிமேல் கோடு கிழித்து வைக்க வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

கம்பு குத்தாமலே பனி சில விஷயங்களைச் சொல்லும். வழவழப்பான பரப்பில் சிறு புடைப்பு தெரிந்தால் அடியில் கல். வெயில் படும் பக்கம் கல்லைச் சுற்றிப் பனி உருகி ஒரு அகழி மாதிரி இருக்கும். பார்ப்பதற்குச் சின்னப் பள்ளம், சக்கரம் இறங்கினால் கல்லின் முழு உயரமும் பக்கச் சுவரில். பாதையின் குறுக்கே பனி தொய்ந்து, சாம்பல் நிறக் கீற்றாகத் தெரிந்தால் அடியில் ஓடை, மேலே பனிப் பாலம். அங்கே காது வைத்துக் கேட்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்ட இரண்டு இடங்களில் பாலத்தை மண்வெட்டியால் உடைத்து, ஓடையின் கல் தரைக்கே இறங்கிக் கடந்தோம். உடைத்த பாலம் ஒன்றரை அடி தடிமன் இருந்தது. அது மனிதனைத் தாங்கியது, ஒன்றரை டன்னைத் தாங்கியிருக்காது.

கல்லைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுக் கடக்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கல்லின் மேல் டயரை ஏற்ற வேண்டும். டயர் ஏறினால் வண்டியே உயரும், வயிறு தப்பிக்கும். ஒரு சாண் உயரப் படிவரை இந்த வண்டியால் ஏற முடிகிறது. நேராகப் போனால் 18 டிகிரி முன்கோணத்தால் பம்பரின் உதடு முதலில் போய் இடிக்கும். 30–45 டிகிரி சாய்வாக அணுகினால் ஒரு டயர் முதலில் தொடும், பம்பர் தப்பும்.

சாய்வாக ஏறுவதற்கும் ஒரு விலை உண்டு. எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு சக்கரங்கள் காற்றில் தொங்கும் அல்லது வழுக்கும் பனியில் நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். தொங்கும் சக்கரத்துக்குத் தேவை பூஜ்யம் என்றால் தரையில் உள்ள சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆல் வீல் டிரைவ் என்று பின்னால் எழுதியிருந்தும் வண்டி நகராதது இதனால்தான். தொங்கும் சக்கரத்தைக் கணினி பிரேக் பிடித்தால் எதிர்ப்பு உண்டாகி, மறு சக்கரத்துக்கு விசை போகும். அதற்கு ஓரிரு வினாடி ஆகும். சக்கரம் சுழலும் சத்தம் கேட்டதும் பயந்து காலை எடுக்கிறவருக்கு அது ஒருபோதும் வேலை செய்யாது. மிதமாக மிதித்து, இரண்டு வினாடி அப்படியே பிடித்திருந்தால் 'டக் டக்' என்ற சத்தத்தோடு வண்டி மெல்ல ஊரும். பொறுமை என்பது இங்கே இரண்டு வினாடி.

கல்லின் உச்சியிலிருந்து தொப்பென்று விழாமலிருக்க, இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டபடி வலது காலால் ஆக்சிலரேட்டர். சில புதிய வண்டிகளில் இரண்டையும் சேர்த்து மிதித்தால் கணினி இன்ஜின் சக்தியை வெட்டிவிடும். முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும்.

வெளியே நின்று சைகை காட்டுபவர் ஒருவர் மட்டும். மூன்று பேர் மூன்று பக்கம் கத்தினால் ஓட்டுநர் மூவரையும் கேட்காமல் நாலாவது வழியில் போவார். சைகை காட்டுபவர் வண்டிக்கு மேட்டுப் பக்கம், ஓட்டுநர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். வண்டிக்கும் பாறைக்கும் நடுவிலோ, வழுக்கும் திசையிலோ ஒருபோதும் நிற்கக் கூடாது. ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே கட்டைவிரலை விடாதீர்கள். முன் சக்கரம் கல்லில் திடீரென்று திரும்பினால் ஆரக்கால் விரலை ஒடிக்கும்.

ஜிம்னியின் லோ ரேஞ்சு பற்றிக் கேட்பார்கள். அது கியர் விகிதத்தைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது. அதே படியில் இன்ஜின் மூச்சுத் திணறாமல், நடக்கும் வேகத்தில் பாதியில் ஊர்ந்து ஏறுகிறது. சிவிடி வண்டிக்கு அந்த வசதி இல்லை. கல்லை ஏறும்போது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெயால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் கடையப்பட்டு சூடாகிறது. உயரமும் சேர்ந்துகொள்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். 2,700 மீட்டரில் கால் பங்குக்கு மேல் காணோம். இன்று இரண்டு முறை பதினைந்து நிமிடம் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு எண்ணெயை ஆறவைத்தோம். வெளியே மைனஸ் 11 டிகிரி.

நாலு சக்கரத்துக்கும் சக்தி தரும் சின்ன வண்டி புதிதல்ல. ஃபியட் பாண்டாவின் ஃபோர் பை ஃபோர் 1983-லேயே வந்துவிட்டது. அதில் கணினியும் கிடையாது, கிளட்ச் சூடாகும் எச்சரிக்கையும் கிடையாது. ஒரு நெம்புகோல். சில மாலைகளில் அந்த நெம்புகோல் மேல் பொறாமை வரும்.

பின் டிஃபரன்ஷியல் ஒரு முறை உரசியது. வார்ப்பில் ஒரு கீறல், எண்ணெய்க் கசிவில்லை. இனி அதற்கும் ஒரு தகடு போடுவதே சரி.

நான்காம் நாள்: மூன்று கி.மீ., ஒரு புதையல்

இரவு காற்று. பாதையில் காற்று கொண்டுவந்து கொட்டிய பனித்திட்டுகள். முதல் இரண்டைத் தாண்டிய தைரியத்தில் மூன்றாவதை நடந்து பார்க்காமல் நுழைந்ததில் கிராஸ்ஓவர் நடுவில் உட்கார்ந்தது. ஆழம் 35 செ.மீ., மேல் ஓடு இறுகியது, அடியில் சர்க்கரை. முன் சக்கரத்தில் ஓடு உடைந்தது, வயிறு உடையாத ஓட்டின் மேல் படுத்தது, நாலு சக்கரமும் எடையில்லாமல் சுற்றின. வயிறு படுத்த வண்டியை டிரைவ் எத்தனை இருந்தாலும் நகர்த்தாது.

சுழற்றிப் பார்த்த பத்து வினாடியிலேயே கருவிப் பலகையில் எச்சரிக்கை விளக்கு. இந்த வகை வண்டிகளில் பின் அச்சுக்குச் சக்தியை அனுப்புவது எண்ணெயில் ஊறிய பல தகட்டுக் கிளட்ச். முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேகத்தில் சுழன்றால் தகடுகள் உரசிச் சூடாகும், தன்னைக் காத்துக்கொள்ளப் பின் இணைப்பைத் துண்டிக்கும். அதன் பிறகு அது முன் சக்கர வண்டிதான். விளக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே: கை, கால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இறங்கித் தோண்டுவது. தோண்டி முடிப்பதற்குள் அது ஆறிவிடும்.

தோண்டும் வரிசையில்தான் பெரும்பாலோர் நேரத்தை விடுவது. முதலில் சைலன்சர் வாய். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். அடுத்தது சக்கரம் அல்ல, வயிறு. நீளக் காம்புள்ள மண்வெட்டியை இரு பக்கமிருந்தும் அடியில் விட்டு, இறுகிய பனியை அறுத்து இழுக்க வேண்டும். சம்ப் கார்டுக்குக் கீழே, நடுக் குழாய்க்குக் கீழே, பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னே. எடை சக்கரத்துக்கு இறங்கும்போது வண்டி லேசாக அசைந்து தாழும். கையை அடியில் விட்டிருந்தால் அப்போது நசுங்கும், ஆகவே மண்வெட்டி மட்டும். அதன் பிறகு நாலு சக்கரத்துக்கும் போகும் திசையில் சரிவான வாய்க்கால். அழுத்தம் 15 பிஎஸ்ஐ. சாதாரண ரிம்மில் இதற்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டு இறங்கிவிடலாம். பிடிப்புப் பலகைகளைச் சக்கரத்தோடு முட்டும்படி, சக்கரத்தை ஒட்டிய முனை தாழ்ந்து இருக்கச் செருக வேண்டும். பலகைக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, அது அம்பாகப் பறக்கும்.

போகும் திசை எது என்றால், பெரும்பாலும் பின்பக்கம். வந்த தடம் இறுகியிருக்கிறது, முன்னால் என்ன என்று தெரியாது.

அதற்கும் வரவில்லை, ஜிம்னி இழுத்தது. சின்ன வண்டிகளின் திருகு கொக்கி சாலையில் இழுத்துச் செல்ல உள்ளது. ரப்பர் மாதிரி நீளும் கயிற்றைத் தளர்வாக விட்டு வேகமாக ஓடி வெடுக்கென்று இழுத்தால் கொக்கி பிய்ந்துவிடும். பிய்ந்த இரும்பு கண்ணாடியைத் துளைத்துப் போகும். அதனால் கயிறு விறைப்பாகும்வரை ஊர்ந்து, பிறகு லோ ரேஞ்சில் சீரான இழுப்பு. கயிற்றின் நடுவில் கனமான ஜமுக்காளம். அறுந்தால் பறக்காமல் கீழே விழும். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆள் இல்லை. டிரெய்லர் கொக்கியின் உருண்டையில் கயிறு மாட்டவே கூடாது.

மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம். நடந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடம்.

இத்தனைக்குப் பிறகு முன் அச்சுக்குச் செயின். புதைந்தபின் மாட்டுவது சிரமம் என்று தெரிந்தும் எல்லோரும் புதைந்தபின்தான் மாட்டுகிறார்கள். எந்த அச்சு என்பதைக் கையேடு சொல்லும். முன் சக்கரம் சார்ந்த ஆல் வீல் டிரைவ்களில் பெரும்பாலும் முன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, செயின் சஸ்பென்ஷனில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். நூறு மீட்டர் உருட்டி மறுபடி இறுக்க வேண்டும். காற்றை இறக்கிய டயரில் இன்னொரு முறையும். வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது, இந்தப் பாதையில் அந்தக் கவலை இல்லை. வெறும் பாறை தெரியும் இடத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டால் குறுக்குக் கண்ணி அறுந்து, பிரேக் குழாயைச் சாட்டை மாதிரி அடிக்கும்.

34-ஆவது கி.மீ.யில் ஒரு சமதளத்தில் நிறுத்தம்.

ஐந்தாம் நாள்: நகரவில்லை

காற்றும் புதுப்பனியும், 30 செ.மீ. எதிரே பாதை ஒரு சரிவின் அடியில் போகிறது. சரிவுமானி 36 டிகிரி. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் உடையும், அதுவும் காற்றோடு பனி விழுந்த முதல் ஓரிரு நாளில். மிச்ச 6 கி.மீ. வேண்டாம். திரும்பும் வழியில் மேலே அப்படிச் சரிவு எதுவும் இல்லை.

குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டால் மணிக்குப் பத்து நிமிடம், ஒவ்வொரு முறையும் சைலன்சர் வாயைத் தோண்டிய பிறகு, காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னல் ஒரு விரல் திறந்து. தூங்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது. பெட்ரோல் பாதித் தொட்டிக்குச் சற்று மேல்.

ஆறாம் நாள்: 34 கி.மீ. இறக்கம்

வெளிச்சம் வந்தவுடன் கிளம்பினோம். இரவுக் குளிரில் மேல் ஓடு இறுகியிருக்கும் நேரம் இது. பத்து மணிக்கு வெயில் அதை இளக்கிவிட்டால் ஒவ்வொரு சக்கரமும் உடைத்துக்கொண்டு இறங்கும்.

இறக்கத்தில் சிவிடியை மேனுவல் நிலையில் முதல் கியரில் வைத்து, இன்ஜினையே பிரேக்காக விட வேண்டும். இறக்கத்தில் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் பொத்தான் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வெறும் பனிக்கட்டியில் அது நாலு சக்கரத்தையும் மாறி மாறிப் பிடிப்பதால் ஸ்டியரிங் கேட்காமல் போகலாம். முன் அச்சில் மட்டும் செயின் இருக்கும் வண்டிக்கு இறக்கம்தான் சோதனை: முன்பக்கம் பிடிக்கும், பிடிப்பில்லாத பின்பக்கம் சுற்றி வந்து முன்னால் நிற்கப் பார்க்கும். நாலுக்கும் செயின் இருந்தால் நாலுக்கும் மாட்டுங்கள். இல்லையென்றால் வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போது வேகத்தைக் கொன்றுவிட வேண்டும்.

வண்டி சறுக்க ஆரம்பித்ததும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அங்கேதான் போகக் கூடாது. பூட்டிய சக்கரத்துக்குத் திருப்பும் சக்தி இல்லை. பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொட்டு, சக்கரம் வண்டியின் வேகத்துக்கே உருண்டால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டர் மிதிப்பது மனசுக்கு ஒவ்வாத காரியம், ஆகவே சமதளப் பனியில் பழகிவிட்டு வர வேண்டும்.

பக்கவாட்டில் சாய்ந்த ஓர் இடத்தில், சுமார் 30 மீட்டர், பனிக்கட்டி பள்ளத்தாக்கு பக்கம் சரிந்திருந்தது. ஓட்டித் தாண்டும் இடமில்லை அது. மேட்டுப் பக்கச் சக்கரங்களுக்கு ஒரு காலடி அகலத்தில் பள்ளம் வெட்டி வண்டியைச் சமமாக்கினோம், பனிக்கட்டி மேல் சரளைக் கல்லை அள்ளிப் போட்டோம், ஓட்டுநர் தவிர எல்லோரும் இறங்கினோம். வெட்ட ஐம்பது நிமிடம், கடக்க ஒரு நிமிடம்.

தார்ச் சாலை தொடங்கியதும் செயினைக் கழற்றி, காற்றைத் திரும்ப ஏற்றினோம். பாட்டரியில் நேராக மாட்டும் சிறு கம்ப்ரெசர், ஒரு டயருக்கு ஐந்து நிமிடம், இன்ஜினை ஓடவிட்டபடி. ஜிம்னியில் ஃபோர் வீல் நெம்புகோலை இரண்டு சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி, உலர்ந்த தாரில் நாலு சக்கரத்தோடு திரும்பினால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும்.

வேகம் 60-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. பதற வேண்டாம்: ரிம்முக்குள் ஒரு பக்கமாகப் பனி உறைந்து சக்கரம் சமநிலை தவறியிருந்தது. மரக்கட்டையால் தட்டி உதிர்த்ததும் போனது. வெப்பமானி ஒரு கோடு ஏறியிருந்தது. ரேடியேட்டர் முகத்தில் பனி அப்பியிருந்தது. முன் வலது சக்கரத்திலிருந்து கீச்சுச் சத்தம். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின் தகட்டுக்கும் நடுவே சிறு கல், ரிவர்ஸில் பத்து மீட்டர் உருட்டியதும் விழுந்தது.

கழுவும்போது கண்டவை: சக்கரத்துக்குச் சக்தி தரும் தண்டின் ரப்பர் உறை இடது முன்பக்கம் லேசாகக் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறது, இந்த வாரமே மாற்ற வேண்டும், மணல் உள்ளே போனால் மூட்டும் சேர்ந்து போகும். சம்ப் கார்டின் ஆறு போல்ட்டில் ஒன்று இல்லை. கார்டின் உள்பக்கம் இரண்டு கை நிறைய சரளை. சக்கர நட்டுகளில் இரண்டு, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கும்போது கால் சுற்று திரும்பின.